சாலை விபத்தில் அண்ணனை இழந்த குடும்பம்: இழப்பீட்டு வழக்கை யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி இது: அண்ணனுக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. வேலை முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதி, அரசு மருத்துவமனையில் மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அண்ணி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து, "செலவு எல்லாம் எங்க வக்கீல் பாத்துப்பார், கிடைக்கிறதுல 30 பர்சென்ட் மட்டும் கொடுத்தா போதும்" என்று சொல்லி வக்காலத்து ஃபாரத்தை நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா, வருமானத்துக்குச் சான்று எதுவும் இல்லையே, ஹெல்மெட் போடாததால் வழக்கே நிற்காது என்கிறார்களே, மொத்தத்தில் எவ்வளவு வரும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் கையெழுத்து விஷயம். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமை அண்ணிக்கு உண்டு. ஆனால் இரண்டு வக்கீல்களிடம் தனித்தனியாக வக்காலத்து கொடுத்து, ஒரே சாவுக்கு இரண்டு ஊரில் இரண்டு மனு விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்யவே ஒரு வருடம் போய்விடும். அதனால் முதல் ஆள் எதையாவது தாக்கல் செய்துவிட்டாரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பங்கு பேசுவது நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட விஷயமே இல்லை. இந்திய பார் கவுன்சிலின் விதிகளிலேயே, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று இருக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அப்படியே உங்கள் அண்ணியின் நிலைமைதான். கணவரை விபத்தில் இழந்த தெலங்கானாப் பெண் ஒருவர். இழப்பீடு வந்த பிறகு, பெரும் தொகை வாங்கியது போதாமல் மேலும் பணத்துக்கு அவரிடம் செக் வாங்கி, அது திரும்பியதும் அவர் மீதே செக் மோசடி வழக்கு போட்டார் அவருடைய வக்கீல். இழப்பீட்டில் சதவீதம் கேட்பது தொழில் ஒழுக்கத்துக்கும் பொது நலனுக்கும் விரோதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த செக் வழக்கை ரத்து செய்தது. எனவே 30 சதவீதம் என்று யாராவது சொன்னால், அது ஊர் வழக்கமாக இருக்கலாம், சட்டம் ஆகாது.

அந்த 30 சதவீதம் எவ்வளவு பெரிய தொகை என்று பார்க்க, இழப்பீட்டை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். வக்கீலின் பேச்சுத் திறமையைக் கேட்டு நீதிபதி ஒரு தொகையைத் தருவதில்லை. 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரு வாய்பாடு கொடுத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தைத் தீர்ப்பாயம் என்பார்கள், நாடு முழுக்க எல்லாத் தீர்ப்பாயமும் அதன்படிதான் போடுகிறது. ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சான்று எதுவும் இல்லாத நிலையில் அண்ணனின் மாத வருமானத்தைத் தீர்ப்பாயம் 15,000 என்று எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் அல்லது கூலி வேலை செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்றால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 21,000 ஆகிறது. (நிரந்தர அரசு வேலை மாதிரி இருந்தால் 50 சதவீதம். 40 முதல் 50 வயதுக்குள் கூலி வேலைக்கு 25, அதற்கு மேல் 60 வரை 10.) அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். அவரை நம்பியிருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. உங்கள் வீட்டில் அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நாலு பேர். நான்கில் ஒன்று போக 15,750. அதை 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 1,89,000. அப்புறம் வயதுக்கான பெருக்கல் எண். 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். இதோடு துணையை இழந்ததற்கு மனைவிக்கும், தகப்பனை இழந்ததற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனை இழந்ததற்குத் தாய்க்கும் தனித்தனியாக ஒரு தொகை உண்டு. பிரணய் சேத்தி தீர்ப்பில் அது 40,000. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும் என்று சொல்லியிருப்பதால் 2023 உயர்வுக்குப் பிறகு 48,400. நாலு பேருக்கு 1,93,600. ஈமச் சடங்குக்கு 18,150, சொத்திழப்பு (loss of estate) என்ற தலைப்பில் 18,150. எல்லாம் சேர்த்து 32,53,900 ரூபாய். மனு போட்ட தேதியிலிருந்து பணம் கட்டும் நாள் வரை வட்டியும் உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

இதில் 30 சதவீதம் என்றால் ஒன்பதே முக்கால் லட்சம். இரண்டு பிள்ளைகளின் படிப்புக் காசு அது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்து, லாரி மீது தவறு என்று ஆவணம் சொன்னால், இந்தத் தொகையை வாங்கித் தருவதற்குத் தனி மேதைமை எதுவும் தேவை இல்லை. ஒழுங்காக ஆவணம் திரட்டி, வாய்தாவுக்குத் தவறாமல் போய், சாட்சியைச் சரியாக விசாரிக்கும் வக்கீல் போதும்.

இதே கணக்கில் வருமானம் 15,000 என்பதற்குப் பதில் 20,000 என்று நிரூபித்தால் அடிப்படைத் தொகை 40,32,000 ஆகிவிடுகிறது. மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம் கடைசியில் பத்து லட்சம் ரூபாய் வித்தியாசம். ஆகவே உங்கள் குடும்பம் உழைக்க வேண்டிய இடம் வருமானச் சான்று. சம்பள ஸ்லிப் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் வேலை செய்கிறவருக்கு ஜிபே, போன்பே-வில் பணம் வந்திருக்கும், அவருடைய பேங்க் ஸ்டேட்மென்டை இரண்டு வருடத்துக்கு எடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் அந்த அட்டை அவர் தொழிலுக்கே சான்று. (வாரியத்தில் விபத்து மரண உதவித்தொகையும் தனியாக உண்டு, அதற்கும் விண்ணப்பியுங்கள்.) பைக் லோனோ குழுக் கடனோ மாதாமாதம் கட்டியிருந்தால் அந்தக் கணக்கு, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வீட்டு வாடகை ஒப்பந்தம், எல்லாமே இவ்வளவு செலவழிக்கிற அளவுக்குச் சம்பாதித்தார் என்று காட்டும். அவரை வேலைக்கு அழைத்த மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ ஒரு பேப்பரில் சம்பளம் எழுதிக் கொடுத்தால் மட்டும் பயன் குறைவு. அவர் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறி, சதுர அடிக்கு இவ்வளவு கூலி, மாதத்தில் இத்தனை நாள் வேலை என்று சொன்னால்தான் மதிப்பு. அவரிடம் இப்போதே பேசி வையுங்கள். நாலு வருடம் கழித்துக் கூப்பிட்டால் அவர் எந்த ஊர் சைட்டில் இருப்பாரோ.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் வழக்கு விழாது. 2008-ல் நடந்த விபத்தில் பாதிக்கப்பட்ட காய்கறி வியாபாரி ஒருவருக்கு, ஒரு துண்டுச் சான்றும் இல்லாமலே மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருட விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு ஒரு கைத்தொழிலாளிக்கு அது எங்கேயோ போய் நிற்கும். குறைந்தபட்சக் கூலி அட்டவணையை வைத்து மட்டும் வருமானத்தை முடிவு செய்யக் கூடாது என்றும் 2021-ல் ஒரு லாரி ஓட்டுநர் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வக்கீல் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வயதுச் சான்றையும் பாருங்கள். 35 முடிந்து 36 ஆகிவிட்டால் பெருக்கல் எண் 15-ஆக இறங்கிவிடும். ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகத் தேதி போட்டிருக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் டாக்டர் "சுமார் 38" என்று எழுதியிருப்பார். பள்ளி மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது காலக்கெடு. மோட்டார் வாகனச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது அது. இந்த விதி செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, அது முடியும் வரை தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அந்த உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் மனு போட்டு வழக்கு எண் வாங்கிவிடுவதே நல்லது. வட்டியும் மனுத் தேதியிலிருந்துதான் ஓடும். போலீசாருக்கும் ஒரு கடமை உண்டு: 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை என்று தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுகிறது. அவர்கள் அனுப்பினாலும் உங்கள் மனு தனியாக இருக்கட்டும்.

ஆறு மாதம் என்றதும் நாளைக்கே வக்கீல் பிடிக்க வேண்டும் என்று ஓட வேண்டாம். முதல் சில வாரங்கள் ஆவணத்துக்கு. இதில்தான் நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். புகார் கொடுத்தது யார்? லாரி டிரைவரே ஸ்டேஷனுக்குப் போய், பைக்தான் குறுக்கே வந்தது என்று முதலில் எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் அண்ணனே குற்றவாளி ஆகியிருப்பார். அவர் இறந்துவிட்டதால் வழக்கை அப்படியே முடித்துவிடுவார்கள். வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் இப்படி ஒரு காகிதம் தயாராகியிருக்கும், ஆறு மாதம் கழித்து வக்கீல் ஆபீஸில்தான் குடும்பத்துக்குத் தெரியவரும். இதைப் பல குடும்பங்களில் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். அப்படி இருந்தால் உடனே எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள், நேரில் பார்த்த சாட்சியின் பெயரோடு. எஃப்.ஐ.ஆர். எதிராக இருந்தாலும் தீர்ப்பாயத்தில் நேர்சாட்சியை வைத்து வெல்ல முடியும், காரணம் அங்கே குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். டிரைவர் குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீடு தரலாம் என்று 1980-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் எழுதிவிட்டார். ஆனாலும் எதிரான காகிதத்தோடு சண்டை போடுவதைவிட அதைத் தொடக்கத்திலேயே திருத்த முயல்வது எளிது.

அண்ணன் மூன்றாம் நாள்தான் இறந்தார் என்பதால் உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. முதலில் காயம் என்று பதிவான எஃப்.ஐ.ஆர்., இறந்த பிறகு மரணம் விளைவித்த பிரிவுக்கு, அதாவது பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-க்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ என்று ஸ்டேஷனில் இன்னும் பேச்சுவழக்கில் சொல்வார்கள். அந்தப் பிரிவு மாற்ற அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், அதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் "லாரி மோதியதாக" என்று இருக்கிறதா, அல்லது அவசரத்தில் யாரோ "பைக்கிலிருந்து விழுந்ததாக" என்று சொல்லி அப்படியே எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், சம்பவ இட வரைபடம், மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டியையும் பார்த்து எழுதிய அறிக்கை, லாரியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், டிரைவரின் லைசென்ஸ், முடிவில் குற்றப்பத்திரிகை, இவை எல்லாம் வேண்டும். ஆய்வாளர் அறிக்கையில் பைக்கின் பின்பக்கம் நசுங்கியிருக்கிறதா முன்பக்கமா என்ற ஒரு வரி, யார் யார் மீது மோதினார்கள் என்பதைப் பல நேரம் சாட்சியைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

சம்பவ இடத்துக்கு ஒரு முறை நீங்களே போய் வாருங்கள். டீக்கடை, பெட்ரோல் பங்க், டோல்கேட், எங்கே கேமரா இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். கடைக்காரர் உங்களிடம் தரத் தயங்கினால், இந்தக் கடையின் பதிவைக் கைப்பற்றுங்கள் என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பார்த்த சாட்சி யாராவது கிடைத்தால் அவருக்கு இருக்கும் பயத்தைப் போக்குங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பியுங்கள். அதில் உங்கள் அம்மாவின் பெயர் விடுபடக் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிறைய வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனியைவிட வீட்டுக்குள் நடக்கும் சண்டைதான் குடும்பத்தை அதிகம் அலைக்கழிக்கிறது. மருமகள் பணத்தை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று மாமியாருக்குப் பயம். கொழுந்தன் வக்கீலோடு பேசி முடித்துவிடுவான் என்று அண்ணிக்குப் பயம். நீங்கள் தம்பி என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்: வழக்கின் முதல் மனுதாரர் அண்ணி. வக்கீலிடம் போகும்போது அவரும் வரட்டும், அவருக்கே நேராக விளக்கச் சொல்லுங்கள். மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாரும் ஒரே மனுவில் மனுதாரர்கள். யாருக்கு எவ்வளவு என்று நீதிபதியே பிரித்து எழுதுவார். பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை தேசிய வங்கியில் நிரந்தர வைப்பில் போகும், அதன் வட்டியைத் தாய் எடுத்துச் செலவழிக்க அனுமதிப்பார்கள். அம்மாவின் பங்கு அம்மாவின் கணக்குக்குப் போகும். அண்ணி நாளைக்கு மறுமணம் செய்துகொண்டாலும் அவருடைய உரிமை போய்விடாது, இதைச் சொல்லி யாரும் அவரை மிரட்ட வேண்டாம். நீங்கள் தம்பி என்பதால் உங்கள் பெயர் மனுவில் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஹெல்மெட் போடாததால் வழக்கு நிற்காது என்பது தவறு. ஹெல்மெட் இல்லை என்றால் இறந்தவர் பக்கமும் கவனக்குறைவு என்று 10, 15 சதவீதம் கழிக்கும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் உண்டு. அதுவும் தலைக்காயத்தால் இறந்திருந்தால்தான் அர்த்தம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மரணக் காரணம் நெஞ்சுக்கூட்டுக் காயம், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்று இருந்தால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் உயிர் தப்பியிருக்காது என்று உங்கள் வக்கீல் வாதாட வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனதையே காரணம் காட்டிப் பணத்தைக் குறைத்த ஒரு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறல் விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் உதவும்.

வழக்கை எங்கே போடலாம்? விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. அண்ணியும் பிள்ளைகளும் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம் அல்லது இதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம், சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். மனு ஏற்கப்பட்டதும் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று ஒரு எண் கிடைக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த வாய்தா எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எண்ணைச் சொல்லத் தயங்கும் வக்கீலிடம் வழக்கை வைத்திருக்காதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. உங்கள் அண்ணி, பிள்ளைகள், அம்மா மூவகையினருமே தகுதி உள்ளவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா இடத்தையும் போல அங்கேயும் நல்லவரும் உண்டு, அசட்டையானவரும் உண்டு. ஒதுக்கிய வக்கீல் சரியில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் சொல்லி மாற்றக் கேட்கலாம். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

தனியார் வக்கீல்தான் வேண்டும் என்றால், மொத்தக் கட்டணம் இவ்வளவு, எப்போது எப்போது தர வேண்டும் என்று ஒரு நிலையான தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். இதே கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. நடத்துகிறவரா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து, கையெழுத்துப் போட்ட வெற்று செக், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, இவற்றை எந்த வக்கீலிடமும், எந்தக் குமாஸ்தாவிடமும் கொடுக்கக் கூடாது. இழப்பீடு மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருவதுதான் இப்போதைய நடைமுறை. அந்தக் கணக்கோடு இணைந்திருக்கும் போன் நம்பர் அண்ணியின் கையில் இருக்கும் போனாக இருக்கட்டும்.

லாரி உரிமையாளர் தரப்பிலிருந்து யாராவது வந்து ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்து "சமாதானமாப் போயிடலாம்" என்று கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியே ஐந்து லட்சத்துக்கு வந்தால் இன்னும் கவனம் தேவை. யார் மீது தவறு என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம் தரும் பிரிவு ஒன்று சட்டத்தில் இருக்கிறது, 164. அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். தவறு முழுக்க அண்ணன் மீது என்றால் அந்த 5 லட்சத்தைப் பற்றி யோசிக்கலாம். முப்பது லட்சம் வரக்கூடிய வழக்கில் அதைத் தொட வேண்டாம்.

உங்களைப் போலவே இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்காகச் சில வார்த்தை. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், விபத்து நடந்த இடத்தின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பித்து 2 லட்சம் பெறும் திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வண்டி பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் முழு வழக்கும் போடலாம். இறந்தவர் தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டி, யார் மீதும் தவறு இல்லாமல் விழுந்து இறந்திருந்தால், வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். இருந்து, லைசென்ஸும் இருந்தால் 15 லட்சம். இது தெரியாமல் பாலிசியைப் பைக்கோடு சேர்த்து விற்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்சம், அதை உடனே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்.ஐ.சி. பணம், குடும்ப ஓய்வூதியம், பி.எஃப். எது வந்தாலும் விபத்து இழப்பீட்டில் அதைக் கழிக்க மாட்டார்கள்.

காதுகுத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ சரக்கு வேனில் ஆட்களாக ஏறிப் போய் விபத்தில் இறப்பவர்களின் குடும்பங்களின் நிலைதான் பரிதாபம். சரக்கு வாகனத்தில் பயணியாகப் போனவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும், அவரிடம் அந்த ஒரு வண்டியைத் தவிர எதுவும் இருக்காது. எதிரே வந்த வண்டி மீதும் தவறு இருக்கிறதா என்று ஆராய்ந்து அதன் இன்சூரன்ஸையும் சேர்ப்பது அங்கே முக்கியம். அரசு பஸ் மோதியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது, போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் கட்டாமல் இழுத்தால் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் வரை போக வேண்டியிருக்கும். அந்தச் செய்தியைப் பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்.

மறுபடி உங்கள் வழக்குக்கு வருகிறேன். மனு போட்டு ஓரிரு வருடத்தில் மக்கள் நீதிமன்றத்துக்கு வாருங்கள், பேசி முடிக்கலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி அழைக்கும். போவது நல்லதுதான், பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 32 லட்சம் கணக்கு வரும் வழக்கில், வட்டியையும் விட்டுக்கொடுத்து 28, 29-க்கு முடித்தால் நியாயம் என்று நான் சொல்வேன். 18 லட்சம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். பக்கத்தில் நிற்கும் உங்கள் வக்கீலே "வாங்கிட்டு முடிச்சுடுங்கம்மா" என்று அவசரப்படுத்தினால், எந்த வருமானம், எந்தக் கழிவு, எந்தப் பெருக்கல் எண் வைத்து இந்தத் தொகை வந்தது என்று அண்ணி கேட்கட்டும். அதற்குப் பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

தீர்ப்பாயம் குறைவாகக் கொடுத்தால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அல்லது மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் சட்ட உதவி உண்டு. கம்பெனி மேல்முறையீடு செய்தாலும் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் போக முடியும், கட்டிய பணத்தில் உங்கள் பங்கை எடுக்க மனு போடலாம்.

இந்த வாரம் எஃப்.ஐ.ஆர். நகல், பிரிவு மாற்ற அறிக்கை, ஏ.ஆர். காப்பி மூன்றையும் வாங்கிவிட்டு, அண்ணியையும் அழைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். லாரியின் நம்பரை எம்-பரிவாஹன் ஆப்பில் போட்டு விபத்து நாளில் இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்றும் பார்த்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆரில் புகார்தாரர் யார், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.